புரோட்டோபார்ஃபிரின் பாட்டிலில் ஹீமின், ஹீமின் பாட்டிலில் ரத்தப்பொடி: 38,600 ரூபாய் போச்சு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஹீம் (ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற, இரும்புள்ள மூலக்கூறு), பார்ஃபிரின் (அந்த இரும்பைப் பிடித்துவைக்கிற வளையம்) சம்பந்தமாக பிராஜெக்ட் செய்கிற எம்.எஸ்சி., பிஎச்.டி. பிள்ளைகளும் லேப் பொறுப்பில் இருக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் முழுசாக வாசியுங்கள். மூணு பாட்டில், 38,600 ரூபாய். மூணும் குப்பை. அடுத்து ஏமாறப் போகிறவர் யாரோ, அவருக்காகத்தான் இந்தக் கோபத்தோடவே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்கணும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வாங்கியது, விற்பவர்களையும் வாங்குபவர்களையும் கோத்துவிடுகிற மொத்த வியாபார ஆன்லைன் தளம் ஒன்றில். ஆர்டர் இதுதான்: 'புரோட்டோபார்ஃபிரின் 9' என்கிற பொருள் அரை கிராம், ரத்தத்திலிருந்து எடுக்கிற ஹீமின் 5 கிராம், உடம்பு ஹீம் செய்யத் தொடங்குகிற மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமில ஹைட்ரோகுளோரைடு 1 கிராம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டணும் என்றார்கள், கட்டியாச்சு.

ஏன் நம்பினோம் என்று கேட்பீர்கள். போனில் பேசின ஆள் விவரம் தெரிந்த ஆள். "ஹீமின் மாட்டுரத்தத்துல எடுத்ததா, பன்னி ரத்தத்துல எடுத்ததா, எது வேணும் சார்?" என்று அவரே கேட்டார். "புரோட்டோபார்ஃபிரின் அம்பர் பாட்டில்லதான் வரும், மைனஸ் 20-ல வைங்க, வெளிச்சம் படாம பாத்துக்கோங்க" என்றார். சரக்கு தெரியாதவன் வாயில் இந்தப் பேச்சு வராது. ஜி.எஸ்.டி. எண்ணோடு புரோஃபார்மா இன்வாய்ஸ் வந்தது, பாட்டில் லேபிள் படம் வாட்ஸாப்பில் வந்தது. "நம்ம குடோன் திருவனந்தபுரத்துல, களியக்காவிளை தாண்டினா நாகர்கோவில், ஐஸ் உருகுறதுக்கு முன்னாடி கையில வந்துரும்" என்றார். அதோடு 38,600 ரூபாய் போய்விட்டது.

பார்சல் கேரளாவிலிருந்து வரவே இல்லை. எங்கெங்கோ சுற்றி, கூரியர் ஆபீசில் சனி ஞாயிறு கிடந்து வந்தது. ஜெல் பேக் வெந்நீர் பை மாதிரி இருந்தது. அமினோலெவுலினிக் பாட்டில் மூடி தளர்ந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய பொடி மஞ்சளாகிக் கட்டிபிடித்துக் கிடந்தது. அதை அசிட்டைல் அசிட்டோனோடு பி.எச். 4.6 அசிட்டேட் பஃபரில் 10 நிமிஷம் கொதிநீரில் வைத்து, ஆறவிட்டு, நிறம் காட்டுகிற எர்லிச் ரீஏஜென்ட் ஊற்றினால் 553 நானோமீட்டரில் இளஞ்சிவப்பு ஏற வேண்டும். ஏறியது, பாதிக்கும் கீழே. அதையாவது கூரியர் கெடுத்தது என்று விடலாம். மற்ற இரண்டும் அப்படி இல்லை.

புரோட்டோபார்ஃபிரினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளையத்துக்கு நடுவில் இரும்பு கிடையாது, அதனால்தான் ஒளிரும். இரும்பு ஏறினால் ஹீமின், ஒளிர்வு செத்துப்போகும். ஒரு மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்கிற கரைப்பானில் கரைத்து, அதில் 10 மைக்ரோலிட்டரை இன்னொரு 10 மில்லி டி.எம்.எஸ்.ஓ.-வில் விட்டு, விளக்கை அணைத்து, நோட்டு சரிபார்க்கிற 395 நானோமீட்டர் யூ.வி. டார்ச் அடித்தாலே ரத்தச்சிவப்பாக மின்ன வேண்டும். இவர்கள் பொடி கரியாகக் கிடந்தது.

டார்ச்சை நம்பாமல், எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிற ஸ்பெக்ட்ரோவிலும் போட்டாச்சு. அதே ஸ்டாக்கில் 10 மைக்ரோலிட்டரை 2.7 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லியில் விட்டால் 408 நானோமீட்டரில் கூரான சோரே பீக் (பார்ஃபிரின்களின் முக்கிய உறிஞ்சல் உச்சி) வரணும். அங்கே மோலார் உறிஞ்சுதிறன் 2,62,000. மூலக்கூறு எடை 562.66. கணக்குப் போட்டால் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.46 பக்கம் வர வேண்டும். வந்தது கூர் இல்லாத தட்டையான ஒரு மேடு. ஒருவேளை உள்ளே இரும்பு இருக்கிறதோ என்று ஹீமைக் காட்டிக்கொடுக்கிற பிரிடின் ஹீமோக்ரோம் சோதனை செய்தால், 557-ல் பளிச்சென்று நிற்கிறது பீக். புரோட்டோபார்ஃபிரின் என்று எழுதி ஹீமினை அடைத்திருக்கிறார்கள். இரண்டுமே கருத்த பொடி, கண்ணால் பார்த்தால் பிடிபடாது.

சரி, ஹீமின் என்று எழுதின பாட்டிலில் என்ன? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். அதிலும் 557 பீக் வரும். ஆனால் அது ஹீமின் இல்லை, ஹீமோகுளோபின் பொடி, அதாவது ரத்தப்பொடி. ஹீமோகுளோபினுக்குள் ஹீம் இருக்கிறதே, அதனால் பீக் வராமல் எங்கே போகும்? பீக் வந்ததா என்று மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உயரத்தை அளக்கணும்.

எப்படி அளப்பது என்று சொல்கிறேன். ஹீமின் 6.5 மில்லிகிராமை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லியில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதை அதே காரத்தில் ஐம்பது மடங்கு நீர்க்கவும். இன்னொரு பக்கம் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 40 சதவீதம் பிரிடின், 500 மைக்ரோமோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்ந்த ரீஏஜென்ட். இரண்டிலும் அரை மில்லி கலந்தால் குவெட்டில் ஹீமின் 10 மைக்ரோமோலார். 500 முதல் 600 வரை ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, ஹீம் இரும்பை ஒடுக்குகிற சோடியம் டைதயோனைட் 2 மில்லிகிராம் அளவுக்குப் போட்டு மறுபடி ஸ்கேன். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, 557-க்கும் 540-க்கும் உள்ள வித்தியாசத்தை 23.98-ஆல் வகுத்தால் மில்லிமோலாரில் அளவு கிடைக்கும். நல்ல ஹீமினுக்கு வித்தியாசம் 0.24 வரணும். இந்தப் பொடிக்கு வந்தது 0.01. ஹீமோகுளோபினில் ஒரு ஹீமுக்கு சுமார் 16,100 எடை புரதம் சேர்ந்து வருகிறது, ஹீமினுக்கோ 652. வகுத்துப் பாருங்கள், 4 சதவீதம், அப்படியே பொருந்துகிறது.

இதில் டைதயோனைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர் ஈரக்காற்றில் திறந்து மூடின டைதயோனைட் சீக்கிரம் செத்துவிடும். அப்போது நல்ல ஹீமினுக்கும் பீக் ஏறாது, விற்பவன் மேல் வீண்பழி விழும். புதுப் பாட்டிலில் எடுத்து, கையிருப்பில் இருந்த பழைய நல்ல ஹீமினைக் கூடவே ஓட்டித்தான் இந்த முடிவு. பிரிடினை ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் திறங்கள்.

ஸ்பெக்ட்ரோ இல்லாத காலேஜ் என்றாலும் வழி உண்டு. பொடியில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். ஹீமின் கரையாமல் அடியில் கிடக்கும். ஹீமோகுளோபின் பழுப்புச் சிவப்பாகக் கரையும், அதைக் கொதிக்க வைத்தால் திரண்டு கட்டியாகும். இந்தப் பொடி கட்டியானது.

ஆக, புரோட்டோபார்ஃபிரின் கேட்டால் அதைவிட மலிவான ஹீமின், ஹீமின் கேட்டால் அதைவிட மலிவான ரத்தப்பொடி. இந்த இரண்டு பாட்டிலிலும் ஒரு படி கீழே இறக்கி 38,600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள். முதலில், "உங்க ஸ்பெக்ட்ரோ கேலிபரேஷன் போயிருக்கும் சார்." பழைய ஹீமின் அதே கருவியில் சரியாக வந்ததைக் காட்டியதும், "புரோட்டோபார்ஃபிரினை வெளிச்சத்துல வெச்சிருப்பீங்க." வெளிச்சம் பட்டால் புரோட்டோபார்ஃபிரின் கெடும், வாஸ்தவம். ஆனால் வெளிச்சம் இரும்பைக் கொண்டுவந்து நடுவில் உட்காரவைக்காது. அதற்கு உடம்பில் ஃபெரோகெலடேஸ் என்று தனியாக ஒரு என்சைம் வேலை பார்க்கிறது. அதைச் சொன்னதும் ஆள் மாறி வேறொருவர் லைனில் வந்தார். ஹீமினுக்கு "பீக் வருதே சார், பாருங்க" என்று வீடியோ அனுப்பினார்கள். நீர்க்காத கெட்டிக் கரைசலில் ஓட்டினால் ஹீமோகுளோபினுக்கும் அழகாகத்தான் வரும்!

தரச்சான்றிதழை வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். தூய்மை 98 சதவீதம் என்று இருக்கிறது, பேட்ச் எண் இல்லை. புரோட்டோபார்ஃபிரின் என்ற தலைப்புக்குக் கீழே மூலக்கூறு எடை 651.94 என்று அச்சடித்திருக்கிறார்கள். அது ஹீமினுடைய எடை! திருடனுக்குத் தலைப்பை மாற்றத் தெரிந்திருக்கிறது, உள்ளே இருப்பதை மாற்றத் தெரியவில்லை. அதைக் காட்டிக் கேட்டதற்கு, "டைப்பிங் மிஸ்டேக், சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." சீலை உடைக்காமல் எந்தப் பொடியை எப்படிச் சோதிப்பதாம்?

தளத்துக்காரர்கள் இன்னும் மோசம். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளவும்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? 38,600 ரூபாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூணு மாசத்தில் தீஸிஸ் கொடுக்க வேண்டிய பிள்ளை இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத இப்போ பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது போதும்.

முழு முன்பணம் கொடுக்காதீர்கள். பேட்ச் எண் போட்ட சான்றிதழ் பணம் கட்டுவதற்கு முன்னால் வரணும். அதில் சி.ஏ.எஸ். எண்ணையும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) மூலக்கூறு எடையையும் ஒத்துப்பாருங்கள்: புரோட்டோபார்ஃபிரின் 9 என்றால் 553-12-8, ஹீமின் 16009-13-5, அமினோலெவுலினிக் ஹைட்ரோகுளோரைடு 5451-09-2. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பாதே என்று எழுத்தில் சொல்லுங்கள்.

பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் அடியுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். நுகர்வோர் உதவிக்கு 1915, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கோபத்தில் மிச்சப் பொடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தேதி எழுதி, சீல் வைத்து, மைனஸ் 20-ல் வையுங்கள். நாளைக்கு வேறொரு லேபில் சோதித்துக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.