நியூ ஆர்லியன்ஸ் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க: எங்க 516 டாலர் போச்சு

ஹூஸ்டன் திரும்பி முழுசா ஒரு நாள் ஆகலை. இன்னும் வயிறு எரியுது. ஆறவிட்டா பாதியை மறந்துடுவேன்னு இப்பவே எழுதுறேன். ராத்திரி டூர்னு சொல்லி எங்ககிட்ட 516 டாலர் வாங்கினவன் வரவே இல்லை. எப்படித் தப்பிக்கிறதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

அப்பா அம்மா திருச்சியிலேர்ந்து வந்திருக்காங்க. அப்பாவுக்குக் கிளாரினெட்னா உயிர். ஏ.கே.சி. நடராஜன் கச்சேரியை நேர்ல கேட்டு வளர்ந்தவர். ஜாஸ் கிளாரினெட் மேதை சிட்னி பெஷே பிறந்த நியூ ஆர்லியன்ஸ் இங்கேர்ந்து கார்ல ஆறு மணி நேரம்தான்னு தெரிஞ்சதும் "எப்பம்மா போறோம்"னு தினம் ஒரு தடவை கேட்டுடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரொம்ப அலையவிடக் கூடாதுன்னுதான் உள்ளூர் கைடுகளைப் பிடிச்சுக் கொடுக்குற ஒரு ஆப்ல பதிவு பண்ணேன். பேரைப் போடலை, புகார் இன்னும் நடக்குது. பழைய ஊரான பிரெஞ்சு குவார்ட்டர்ல நடை, செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டம் ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல, பக்கத்துல ட்ரெமே பேட்டை, கடைசியா ஜாஸ் கச்சேரி நடக்குற பிரிசர்வேஷன் ஹால்ல முன்வரிசை சீட். ஆளுக்கு 129 டாலர், நாலு பேருக்கு 516. முன்பணம் 120-ஐ ஆப்லயே கட்டினேன்.

அன்னிக்கே கைடு வாட்ஸாப்ல வந்தான். அம்மா முழங்காலைப் பத்திச் சொன்னேன். "எந்தத் தெருவுல எங்க உட்கார இடம் இருக்குன்னு எனக்கு அத்துப்படி, அவங்களை நடக்கவே விடமாட்டேன்"னு குரல் பதிவு அனுப்பினான். உங்க தாய்மொழி என்னன்னு கேட்டான். அடுத்த பதிவு "வணக்கம் அப்பா, வணக்கம் அம்மா"ன்னு ஆரம்பிச்சுது. அப்பா அதை மூணு தடவை போட்டுக் கேட்டார். அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். மறுநாள், "ஆப் கமிஷனா நிறைய பிடிச்சிடுது, ஹால் டிக்கெட்டும் இன்னிக்கே எடுக்கணும், மீதி 396-ஐ ஸெல்ல நேரா போட்டுடுங்க"ன்னான். ஸெல்ங்கிறது (Zelle) பேங்க் கணக்குலேர்ந்து இன்னொருத்தர் கணக்குக்கு நேரா பணம் அனுப்புற வசதி. வீட்டுக்காரர் வேண்டாம்னார். வணக்கம் சொல்ற மனுஷன் ஏமாத்துவானான்னு சொல்லி நான்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஜாக்சன் சதுக்கத்துல, கதீட்ரல் வாசல்ல நின்னோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில வந்திருந்தார். ஆறே முக்காலுக்கு "பாலத்துல டிராஃபிக்"னு மெசேஜ். ஏழேகாலுக்கு "நான் அந்தப் பக்க கேட்ல நிக்கிறேன்". அம்மாவை பெஞ்சுல விட்டுட்டு நாலு பக்கமும் ஓடினேன், யாரும் இல்லை. ஏழே முக்காலுக்கு மேல என் மெசேஜ்ல ஒத்தை டிக்தான் விழுந்துது. பிளாக் பண்ணிட்டான்.

பக்கத்துல கழுத்துல கைடு அட்டை மாட்டின ஒரு அம்மா தன் டூர் கூட்டத்தோட நின்னாங்க. நாங்க தவிக்கிறதைப் பார்த்து என்னன்னு கேட்டாங்க. லாந்தர், கல்லறைன்னதும் தலையில கை வெச்சுட்டாங்க. அது சாயங்காலத்துக்கு முன்னாடியே மூடிடுமாம். வூடூ ராணின்னு பேர் வாங்கின மேரி லாவோ சமாதின்னு சொல்ற இடத்துல யாரோ பிங்க் பெயிண்ட் அடிச்ச மாதிரி சேதங்களுக்கு அப்புறம், 2015-லேர்ந்து அனுமதி வாங்கின கைடு இல்லாம பகல்லகூட உள்ளே விடுறதில்லையாம். இதை நான் முதல்லயே தேடிப் பார்த்திருக்கணும். ஹாலுக்குப் போன் பண்ணேன், எங்க பேர்ல எந்த டிக்கெட்டும் இல்லை.

அந்த அம்மா காசு எதுவும் வாங்காம அஞ்சு நிமிஷம் பேசினாங்க. பேர்தான் பிரெஞ்சு குவார்ட்டர், 1788-லயும் 1794-லயும் பெரிய தீ பிடிச்சு எரிஞ்சப்போ ஊரு ஸ்பெயின்காரங்க கையில இருந்துது, திரும்பக் கட்டினது அவங்க காலத்துலன்னாங்க. நாங்க 516 டாலர் கொடுத்ததுக்குக் கிடைச்ச சரித்திரம் அவ்வளவுதான், அதுவும் வேற ஒருத்தர் புண்ணியத்துல.

அம்மா கால் வீங்கிடுச்சு. வீட்டுக்காரர் அவங்களை ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். நானும் அப்பாவும் பிரெஞ்ச்மென் தெரு வரைக்கும் நடந்தோம். மூலையில பசங்க டிரம்பெட், டிராம்போன் ஊதிட்டிருந்தாங்க, கேக்குறதுக்குக் கட்டணமே இல்லை, முன்னாடி வெச்ச வாளியில போட்டாப் போதும். ஒரு சின்ன கிளப்புக்குள்ள ஒரு பெரியவர் கிளாரினெட் வாசிச்சார். அப்பா வாசல்லயே நின்னு தொடையில தாளம் போட்டார். பத்து நிமிஷம் ஆகலை, "அம்மா காத்துட்டிருப்பா, வா"ன்னு திரும்பிட்டார். அதுக்குத்தான் ஆறு மணி நேரம் வந்தோம்.

இனி ஆப்காரங்க கதை. முதல் பதில்: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." ரெண்டாவது: "விருந்தினர்கள் வரவில்லை என்று கைடு பதிவு செய்திருக்கிறார், அதனால் முன்பணம் 120 திரும்பாது." நாங்க வரலையாம்! கதீட்ரல் வாசல்ல எடுத்த போட்டோவை நேரத்தோட அனுப்பினேன். மூணாவது பதில்ல பேரு மட்டும் வேற, வாசகம் அதேதான். 396-ஐப் பத்திக் கேட்டா, ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்லைங்கிறாங்க. பேங்க்ல கேட்டா, நீங்களே அனுமதிச்சு அனுப்பின பணம்ங்கிறாங்க. ஆளுக்கொரு கதவை மூடிட்டாங்க, 516 டாலரும் போச்சு. இந்தியக் காசுல நாப்பதாயிரத்துக்கு மேல. இதுல அந்தக் கைடோட பக்கம் இன்னிக்குக் காலையிலகூட அஞ்சு ஸ்டாரோட அப்படியே இருக்கு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை ஓடலை. ஆப்புக்கு வெளியே காசு கேட்டா அங்கயே நிறுத்துங்க. ஸெல் வேண்டவே வேண்டாம், கார்டுல கட்டுங்க. கைடுக்கு நகராட்சி லைசென்ஸ் இருக்கணும், அட்டையைக் காட்டச் சொல்லுங்க. கார்டன் டிஸ்ட்ரிக்ட் பெரிய வீடுகளைப் பார்க்க டூரே வேண்டாம், செயின்ட் சார்ல்ஸ் டிராம் போதும், 1835-லேர்ந்து ஓடுற தடம், டிக்கெட் 1.25 டாலர்தான். போர்பன் தெருவுல "அந்த ஷூ உனக்கு எங்க கிடைச்சுதுன்னு சொல்லட்டுமா"ன்னு எவனாவது 20 டாலர் பந்தயம் கட்ட வந்தா நிக்காதீங்க. இங்கிலீஷ்ல "got"ங்கிற வார்த்தையை வெச்சு விளையாடி, "உன் கால்ல, போர்பன் தெருவுல"ன்னு சொல்லிட்டுக் காசு கேப்பான், சுத்தி நாலு பேர் நிப்பாங்க.

ஸெல்ல போன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தா எந்த வழியில வாங்கினீங்கன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க. அப்பாகிட்ட 120 மட்டும்தான் போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.