ஆங்கிலச் சொற்றொடர் கற்பிக்கும் செயலி: 2 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

"ஆண்டுக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களே, நானும் சேரட்டுமா அண்ணா?" என்று எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டதால் இதை எழுதுகிறேன். அன்றாட ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் கற்றுத்தரும் அந்தச் செயலியை 2 ஆண்டுகளாகப் பணம் கட்டிப் பயன்படுத்திவருகிறேன். தினமும் 10 சொற்கள், மறந்தவற்றை மீண்டும் கேட்கும் முறை ஆகியவை இன்று எல்லாச் செயலிகளிலும் இருப்பவைதான்.

அதன் ஒலிப்பதிவுகள் அருமையானவை. தண்டையார்பேட்டையில் தமிழ்வழியில் படித்த எனக்கு ஆங்கிலத்தை வாசித்தால் புரியும். காதில் விழுந்தால் புரியாது. அச்சில் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று தனித்தனியாக நிற்கும் சொற்கள் பேச்சில் 'வாட்டர்யூ கானா டூ' என்று ஒட்டிக்கொள்வதை, முதலில் நிதானமாகவும் பிறகு இயல்பான வேகத்திலும் அது ஒலிக்கவிடுகிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் ஒரே வாக்கியத்தை 20 முறை கேட்ட நாள்கள் உண்டு. ஆறே மாதத்தில், வெளிநாட்டு அழைப்பு வந்தால் பக்கத்து மேசையைப் பார்க்காமல் நானே எடுத்துப் பேசத் தொடங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி மறந்தவனாவேன்.

ஆனால் மரபுத்தொடர்களுக்கு அது தரும் தமிழை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 'கட் கார்னர்ஸ்' என்றால் 'மூலைகளை வெட்டு' என்கிறது. ஒப்பேற்றுவது என்ற சொல் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறதே! 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல்' என்று எழுதியிருந்தால் கற்பவருக்கு ஆயுளுக்கும் மறக்காது. 'நீல நிலாவில் ஒருமுறை' என்று எழுதினால் என்ன விளங்கும்? விளங்காமல் போவதாவது பரவாயில்லை, தவறாக விளங்குவதுதான் ஆபத்து. 'புல்லிங் யுவர் லெக்' என்பதை 'உங்கள் காலை இழுக்கிறேன்' என்று படிக்கும் தமிழருக்குக் காலை வாரிவிடுவதுதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது விளையாட்டாகச் சீண்டுவது.

அப்படித் தவறாகப் புரிந்துகொண்டு நானே இழப்புக்குக் காரணமாகியிருக்கிறேன். சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். செயலியில் சேர்ந்த முதல் மாதத்தில், சரக்கு அனுப்பியவர் ஒரு மின்னஞ்சலை 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று முடித்திருந்தார். செயலியில் தேடினேன்: 'பந்து உங்கள் நீதிமன்றத்தில் உள்ளது.' எங்கள் மாடிப்படியில் நின்றாலே உயர் நீதிமன்றத்தின் சிவந்த கோபுரம் தெரியும். வழக்குத் தொடுக்கப்போகிறார்கள் என்றே நம்பிவிட்டேன். மேலாளர் வெளியூரில் இருந்ததால் பதில் எழுதப் பயந்து மறுநாள் வரை காத்திருந்தேன். அதற்குள் கன்டெய்னரைக் கட்டணமின்றி வைத்திருக்கும் இலவச நாள்கள் முடிந்து, ஒரு நாள் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிவிட்டது. அந்தக் கோர்ட் டென்னிஸ் ஆடுகளம் என்பதையும், 'இனி உங்கள் கையில்தான் இருக்கிறது' என்பதே அவர் சொல்ல வந்தது என்பதையும் மேலாளர் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிழையைத் தெரிவிக்கும் பொத்தானை அன்றே அழுத்தி, சரியான தமிழையும் எழுதி அனுப்பினேன். அதன்பின் மேலும் மூன்று முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. சென்ற வாரம் திறந்து பார்த்தபோதும் அதே நீதிமன்றம்தான் இருந்தது. ஆங்கில ஒலிக்கு அத்தனை அக்கறை காட்டியவர்கள், இரு மொழியும் அறிந்த ஒருவரை உட்கார வைத்துத் தமிழை ஒருமுறை வாசிக்கச் செய்திருக்கக் கூடாதா? தமிழ் வழியாகக் கற்பவர்களிடமும் அதே கட்டணத்தைத்தானே வாங்குகிறார்கள்?

பாதி விலைக்கும் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். என் சந்தா முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அதுவரை மதிய உணவு வேளையில் என் கைபேசியை வாங்கி, திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.