கொழுப்புக் கல்லீரல் சுண்டெலிகளுக்கு இந்த டிஎன்எஃப்-ஆல்பா எலைசா கிட் சரிப்படுமா?

கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக இருக்கும் தீவனம் கொடுத்து வளர்த்த சுண்டெலிகளின் கல்லீரலில் அழற்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க எங்கள் லேபில் வாங்கிய கிட் இது. டிஎன்எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து, ஏறும் நிறத்தை வைத்து அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும். சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். கல்லீரல் திசுவுக்கு என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ப்ளேட்டில் ஆன்டிபாடி பூசியே வருகிறது, கலர் நன்றாக ஏறுகிறது, 450 நானோமீட்டரில் ரீடிங் எடுத்தால் ஒரே சாம்பிளை ஊற்றிய இரட்டை வெல்கள் (ப்ளேட்டின் குழிகள்) ஒத்துப்போகின்றன. 96 வெல்லில் ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த டிஎன்எஃப்-ஆல்பா) 16 போக, மீதியில் 40 சாம்பிளை இரட்டையாக ஓட்டலாம். இதிலெல்லாம் குறையே இல்லை.

ஆனால் வெறும் கொழுப்பு சேர்ந்த நிலையில் ரத்தத்தில் டிஎன்எஃப்-ஆல்பா பெரும்பாலும் மிகக் குறைவு, கிட் அளக்கக்கூடிய அடிமட்டத்திலேயே நின்றுவிடும், அதனால் கல்லீரலை அரைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேனுவலில் இருப்பது ஒரே ஒரு வரி: ‘திசுக் கரைசலுக்கும் பயன்படுத்தலாம்’. எந்த பஃபர் கரைசலில் அரைக்க வேண்டும், செல்லை உடைக்கப் போடும் டிடர்ஜென்ட் எவ்வளவு வரை தாங்கும், எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும், எதுவும் இல்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு அதே பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். இந்த விலைக்கு இது நியாயமே இல்லை.

வாங்கியே தீர வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் செய்ததும் மேலே வெள்ளையாகக் கொழுப்பு மிதக்கும், அதைத் தொடாமல் நடுவில் இருக்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுங்கள். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டைக் கொஞ்சம் அதில் கலந்து ஓட்டி, போட்டதில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் இன்னும் நீர்த்துப் பாருங்கள். கடைசியில் வரும் எண்ணை மொத்த புரதத்தால் வகுத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொழுப்பேறிய கல்லீரலையும் சாதாரணக் கல்லீரலையும் ஒப்பிடவே முடியாது. ப்ளேட்டை ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகக் கழற்றலாம் என்பதால் இந்தச் சோதனைக்கு முழு ப்ளேட்டும் செலவாகாது. ஒரு சுண்டெலியிடமிருந்து கல்லீரல் ஒரு தடவைதான் கிடைக்கும், அதைச் சரிபார்க்காத முறையில் வீணாக்குவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், இதே கடையில் சுண்டெலி சிஆர்பி (இன்னொரு அழற்சிப் புரதம்) கிட்டையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். மனிதர்களைப் போல சுண்டெலிக்கு அழற்சியில் சிஆர்பி பெரிதாக ஏறாது, சீரம் அமைலாய்டு ஏ என்ற புரதம்தான் ஏறும். அந்தக் காசுக்கு அதை வாங்குங்கள்.