வெட்டுத் தாங்கும் கிளவுஸ்: எந்த வேலைக்கு எது?

கிடங்கில் கையை அறுப்பது பெரும்பாலும் கட்டரும் பெட்டி கட்டும் ஸ்ட்ராப்பின் முனையும்தான். அசெம்பிளியில் அந்த வேலையைத் தகட்டின் பிசிறு செய்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே கிளவுஸை டஜன் கணக்கில் வாங்கிப் போடுவதே பல ஸ்டோர்களின் வழக்கம்.

கடைக்காரர் "லெவல் 5" என்றால் மயங்க வேண்டாம். புறங்கையில் சுத்தியல் படத்துக்குக் கீழே நான்கு குறிகளும் ஓர் எழுத்தும் இருக்கும். அது ஐரோப்பாவின் இஎன் 388 முத்திரை. அதில் இரண்டாவது எண்தான் அவர் சொல்லும் "லெவல்". அந்தச் சோதனையில் வட்டக் கத்தி சுழன்று அறுக்கும். கண்ணாடி இழையோ எஃகு இழையோ கலந்த நூலில் கத்தியே மழுங்கிவிடுவதால் எண் வீங்கிப்போகும். அதனால்தான் 2016 திருத்தத்தில் ஐந்தாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். கத்தியை எவ்வளவு அழுத்தினால் கிளவுஸ் அறுபடும் என்பதை அந்த எழுத்து சொல்லும்: பி என்றால் 5 நியூட்டன், சி என்றால் 10, டி என்றால் 15. சி-யை ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏ4 என்று போட்டிருந்தால் அது அமெரிக்கக் கணக்கு, 1,500 கிராம். ஐரோப்பிய ஏ-யோ இருப்பதிலேயே கடைசி. இரண்டையும் குழப்பி வாங்கியவர்கள் உண்டு.

இனி சரக்குக்கு வருவோம். 13 கேஜ் (அங்குலத்துக்கு எத்தனை பின்னல் ஊசி என்ற கணக்கு) ஹெச்பிபிஇ நூல், அதாவது வலுவான பாலிஎதிலீன் இழை, உள்ளங்கையில் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு: விலை மலிவு, காய்ந்த பெட்டிக்கும் பேக்கிங்குக்கும் இதுவே போதும். எண்ணெய் பட்டால் ஊறி உள்ளே இறங்கிவிடும், பிடியும் வழுக்கும்.

அசெம்பிளிக்கு என் ஓட்டு 18 கேஜ், ஃபோம் நைட்ரைல் (நுரைத்த செயற்கை ரப்பர்) பூச்சுக்குத்தான். கேஜ் கூடக் கூட நூல் மெலியும். சின்ன வாஷரைக்கூட விரல் நுனியில் எடுக்கலாம், எண்ணெய்த் தகடும் நழுவாது. விலை கூடுதல்தான். ஆனால் தடித்த டி கிளவுஸ் கொடுத்துப் பாருங்கள்: ஸ்க்ரூ பிடிபடவில்லை என்று பத்தாவது நிமிஷம் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிடுவார்கள். அடிபடுவது அப்போதுதான். சைஸ் ஒன்று பெரிதாக இருந்தாலும் இதே கதை. பிசிறு நீக்காத பெரிய தகடுகளைத் தூக்குகிறவர்களுக்கு மட்டும் டி அல்லது அதற்கு மேல் போங்கள்.

கெவ்லார் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை இழை சூடான பாகங்களுக்கு. ஹெச்பிபிஇ 150 டிகிரிக்குள்ளேயே உருகும், கெவ்லார் உருகாது. ஆனால் வெயிலில் காயப்போட்டாலும், பிளீச்சிங் பவுடரில் துவைத்தாலும் வலு இழக்கும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) பூச்சு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், எண்ணெயில் ஊதிக் கெடும். சிலருக்கு அலர்ஜியும் உண்டு.

சுழல்கிற டிரில், லேத் பக்கம் போனால் இவை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சாதாரணப் பருத்திக் கிளவுஸே அங்கே ஆபத்து. இந்த நூலோ சட்டென்று அறாது, சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.