ஓம எண்ணெய்க் குடற்புழு மருந்து: செம்மறிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்

ஓம எண்ணெயும் ஆரிகானோ எண்ணெயும் கலந்த இந்தப் புட்டியைத் திறந்ததுமே காரம் மூக்கைத் துளைக்கிறது. ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. நீர்க்காமல் புகட்டினால் வாயும் தொண்டையும் புண்ணாகும். இந்த எச்சரிக்கை லேபிளில் இல்லை. உடல் எடைக்கு எத்தனை மில்லி என்பதும் இல்லை. அளவு சொல்லாத ஒன்றை மருந்து என்று நான் ஏற்கமாட்டேன்.

கொடுப்பதற்கு முன்பும், பிறகு 14 நாள் இடைவெளியிலும் புழுக்கையில் புழு முட்டைகளின் எண்ணிக்கையைச் சோதிக்கச் செய்தேன். நல்ல மருந்தென்றால் 95 சதவீதமாவது குறைய வேண்டும். இதில் குறைந்தது மிகச் சொற்பம்.

இந்த எண்ணெய்களில் உள்ள காரப் பொருள்களான தைமாலும் கார்வக்ராலும் ஆய்வகத் தட்டில் புழு முட்டைகள் பொரிவதைத் தடுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் செம்மறியின் முதல் இரைப்பை பல லிட்டர் கொள்ளும். எண்ணெய் அங்கேயே நீர்த்துப்போகிறது. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவோ நான்காம் இரைப்பையில் இருக்கிறது. பெண் புழு ஒன்றே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

பழைய மருந்துகளுக்குப் புழுக்கள் பழகிவிட்ட நிலையில் மாற்றுவழி தேடுவோரின் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் கீழ் இமையின் உட்புறம் வெளுத்த ஆட்டுக்கு இதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது ரத்தசோகை, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சினை ஆடுகளுக்கு இதைத் தரவே வேண்டாம். செம்மறிகளில் செய்த சோதனை முடிவைத் தயாரிப்பாளர் லேபிளில் அச்சிடும் வரை நான் இதை மீண்டும் வாங்கப்போவதில்லை.