எண்ணெய் ஊறிய பால்சா: அசிட்டோனா, கார்ன்ஃப்ளாரா?

மாதிரி விமானத்தை ஓட்டும் சின்ன குளோ எஞ்சினின் எரிபொருள், விமானத்தின் பால்சா (மிக லேசான மரம்) பாகங்களில் ஊறிவிடும். அதில் உள்ள மெத்தனால் தானாகவே ஆவியாகிவிடும். மரத்தில் தங்குவது எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய்தான். அது இருக்கும்வரை எப்பாக்ஸி பசை சரியாகப் பிடிக்காது.

அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால் மேற்பரப்பு சட்டென வெளுக்கும். நிறைய ஊற்றினால் கரைந்த எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு அதே இடத்தில் கறை எட்டிப் பார்க்கும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகே சூடு எதுவும் வேண்டாம்.

கார்ன்ஃப்ளார் மெதுவானது, ஆனால் எண்ணெயை வெளியே இழுக்கிறது. மரத்தை ஹீட் கன்னால் இதமாகச் சூடாக்கி, மாவைத் தடிமனாக அப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் மாவு நிறம் மாறிக் கட்டிதட்டியிருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் புது மாவு போடுங்கள். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மாவு வெள்ளையாகவே நிற்கும்வரை.

எஞ்சின் பூட்டும் முன்பலகையான ஃபயர்வாலுக்கு நான் மாவைத்தான் நம்புவேன். அசிட்டோன், ஒட்டுவதற்கு முன் கடைசித் துடைப்புக்கு மட்டும்.