ஒன்மேப் ஸ்கூல்குவெரி: வீடு பார்க்கக் கிளம்பும் முன் இதைத் திறங்கள்

பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி வயது நெருங்குகிறது, வீடு மாறலாமா என்று யோசிக்கிறோம் என யார் சொன்னாலும், ஏஜண்டைக் கூப்பிடுவதற்கு முன் ஸ்கூல்குவெரியைத் திறந்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். சிங்கப்பூர் நில ஆணையம் நடத்தும் ஒன்மேப் என்ற இலவச வரைபடத்துக்குள் இருக்கும் ஒரு பகுதி அது. பார்க்கப்போகும் வீட்டின் அஞ்சல் எண்ணைத் தட்டினால் போதும். அந்தப் புளோக்கிலிருந்து, அதாவது அந்த அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து, 1 கிலோமீட்டருக்குள் எந்தெந்தத் தொடக்கப்பள்ளிகள், 1 முதல் 2 கிலோமீட்டருக்குள் எவை என்று பிரித்துக் காட்டிவிடும். காசு கிடையாது.

இந்த 1 கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பதிவு இங்கே கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணன், அக்கா ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படித்தால் முதல் கட்டம். பெற்றோர் அங்கே படித்தவர்கள் என்றால் 2ஏ. பள்ளிக்குத் தொண்டூழியம் செய்தவர்கள், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம், குலச் சங்கம் வழியாக வருபவர்கள் 2பி. இப்படி எந்தத் தொடர்பும் இல்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மிஞ்சுவது 2சி. அந்தக் கட்டத்தில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாகிவிட்டால் வீட்டின் தூரம்தான் வரிசையைத் தீர்மானிக்கும். 2022 முதல் ஒவ்வொரு பள்ளியும் 2சி கட்டத்துக்கென்று 40 இடங்களை ஒதுக்கி வைக்கிறது; அதற்கு முன் 20தான் இருந்தது. எனக்கோ என் கணவருக்கோ இங்கே பழைய மாணவர் என்ற உறவு எந்தப் பள்ளியோடும் இல்லை. அதனால் வாங்கும் வீட்டின் முகவரிதான் மகளுக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய ஒரே சிபாரிசு.

நாங்கள் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் ஒரு மூவறை வீட்டில் இருந்தோம். எனக்குத் தாதி வேலை, கிழக்கே சீமெய் பக்கம், ஷிப்ட் மாறி மாறி வரும். ஆகவே அதற்குப் பக்கத்தில் தெம்பனிஸில் நாலறை மறுவிற்பனை வீடு என்று முடிவு செய்தோம். விளம்பரங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் பள்ளியை வைத்துத்தான் விற்கிறார்கள். ஒரு ஏஜண்ட் போட்டிருந்த விளம்பரத்தில் "1 கி.மீ.க்குள் மூன்று நல்ல பள்ளிகள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அஞ்சல் எண்ணை ஸ்கூல்குவெரியில் போட்டேன். ஒரு பள்ளிதான் முதல் பட்டியலில் வந்தது. மற்ற இரண்டும் அடுத்த வளையத்தில் இருந்தன. அவரிடம் கேட்டதற்கு, "ரெண்டும் பக்கத்துலதான் மேடம், நடந்தே போயிடலாம்" என்றார். நடப்பது வேறு விஷயம். பதிவு நாளில் கல்வி அமைச்சு பார்ப்பது இந்த வரைபடக் கணக்கைத்தான். வீட்டு விலையில் அந்த மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்துக் காசு கேட்டுவிட்டு இப்படிச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதோடு அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இந்தச் சேவையின் அருமை புளோக் புளோக்காகப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஒரே வாகன நிறுத்துமிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு புளோக்குகள். ஒரே ஆண்டில் கட்டியவை, ஒரே காப்பிக்கடை, ஒரே பஸ் நிறுத்தம். ஒன்றின் எண்ணைப் போட்டால் நாங்கள் மனதில் வைத்திருந்த பள்ளி 1 கிலோமீட்டருக்குள் வருகிறது. பக்கத்துப் புளோக்கின் எண்ணைப் போட்டால் அதே பள்ளி கீழ்ப் பட்டியலுக்கு இறங்கிவிடுகிறது. கோடு இரண்டுக்கும் நடுவில் போகிறது. "இந்த வட்டாரம் முழுக்க அந்தப் பள்ளிக்குள்ளே வரும்" என்று யாராவது சொன்னால், எந்தப் புளோக் என்று கேளுங்கள்.

பழைய பட்டியல்களையும் நம்ப வேண்டாம். 2022 முதல் தூரத்தைப் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். அதற்கு முன் கணக்கு வேறு. 2022-க்கு முன் யாரோ தொகுத்து வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் புளோக் பட்டியலில் "வெளியே" என்று இருப்பது இன்று உள்ளே வந்திருக்கலாம். எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. ஒரு புளோக் அதில் இல்லை, ஒன்மேப்பில் இருந்தது. அந்தப் புளோக்கில்தான் இப்போது குடியிருக்கிறோம்.

இனி, தமிழ்க் குடும்பங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ஸ்கூல்குவெரி காட்டும் பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது. அதில் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளும் இருக்கும். கிழக்கில் போய் சிங், ரெட் சுவஸ்திகா, தாவ் நான் ஆகியவை அந்த வகை. நல்ல பெயரெடுத்த பள்ளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே, தமிழ் கிடையாது. பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு, அதற்குப் பக்கத்தில் கூடுதல் விலைக்கு வீடு வாங்கிவிட்டு, பிறகு தமிழ் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? எங்கள் பட்டியலில் 1 கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளிகளில் ஒன்றை இந்தக் காரணத்துக்காகவே முதலில் அடித்து நீக்கினோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம், அது போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் அவளுடைய தமிழைத் திருத்த வேண்டும், பக்கத்துப் பெஞ்சில் இன்னொரு பிள்ளை தமிழில் சண்டை போட வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் பேசினால் அது வராது.

ஆகவே ஒன்மேப்பில் கிடைத்த பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டு கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பள்ளியின் பக்கத்திலும் என்னென்ன பாடங்கள், எந்தெந்தத் தாய்மொழிகள், என்ன இணைப்பாட நடவடிக்கைகள் என்று இருக்கும். அதோடு நிறுத்தாமல் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா, வேறு இடத்துக்குப் பிள்ளை போக வேண்டுமா, ஒன்றாம் வகுப்பில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் எல்லாரும் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். ஒரு பள்ளியில் போனை எடுத்தவர் தமிழாசிரியரிடமே கொடுத்துவிட்டார். அவர் பேசிய விதத்திலேயே எனக்கு அந்தப் பள்ளி பிடித்துப்போனது.

கல்வி அமைச்சின் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் இடங்கள், இடம் பத்தாதபோது நடந்த குலுக்கல் விவரமும் பள்ளிவாரியாக உண்டு. அதையும் ஒன்மேப்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. மிகவும் தேடப்படும் பள்ளிகளில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இடையிலேயே குலுக்கல் நடந்திருக்கிறது. இன்னொரு பக்கம், சில பள்ளிகளில் 2சி முடிந்த பிறகும் இடம் மீந்திருக்கும். அங்கே தூரத்துக்காக ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு விற்பனையாளர் பள்ளியைக் காரணம் காட்டி 40,000 வெள்ளி அதிகம் கேட்டார். அந்தப் பள்ளியின் பழைய விவரத்தைப் பார்த்தால் குலுக்கலே நடக்கவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மதிப்பீட்டுக்கு மேல் கேட்கும் தொகைக்குச் சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியும் உதவாது, வீட்டுக் கடனும் உதவாது; முழுக்க ரொக்கமாகக் கையிலிருந்து போகும். தாதிச் சம்பளத்தில் அந்த ரொக்கம் எத்தனை இரவு ஷிப்ட் என்று எனக்குத் தெரியும்.

நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நாத்தனார் வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களும் பிள்ளையும் நிரந்தரவாசிகள். வரிசை இப்படி: முதலில் 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்கள், அடுத்து 1 முதல் 2 கிலோமீட்டர் குடிமக்கள், அப்புறம் 2 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும் குடிமக்கள். இவர்களெல்லாம் முடிந்த பிறகுதான் 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிரந்தரவாசிப் பிள்ளையின் முறை. பள்ளிவாசலில் வீடு இருந்தாலும் இதுதான் நிலை. ஆகவே கூட்டம் அலைமோதும் பள்ளிக்காக அவர்கள் வீட்டு விலையில் கொடுக்கும் கூடுதல் தொகைக்குப் பெரும்பாலும் பலன் இருக்காது. நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்த ஏஜண்ட் ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிள்ளையின் குடியுரிமை என்ன என்றுகூட அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஸ்கூல்குவெரி நேர்க்கோட்டில் அளக்கிறது. விதியே அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை நேர்க்கோட்டில் நடப்பதில்லை. நடுவில் பெரிய சாலை வரும், கால்வாய் வரும், ஒரு நிலப்பகுதியைச் சுற்றி வேலி வரும். எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு வீடு பட்டியலில் கச்சிதமாக 1 கிலோமீட்டருக்குள் இருந்தது. காலை ஆறே முக்காலுக்கு நானும் அத்தையும் அங்கிருந்து பள்ளிக்கு நடந்து பார்த்தோம். மகளைக் கொண்டுபோய் விடப்போவது அத்தைதான், என் ஷிப்டை நம்ப முடியாது. வழியில் ஆறு தடச் சாலை, அதற்கு மேலே ஒரு நடைபாலம், மின்தூக்கி இல்லை. அத்தை பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ, மத்தியானம் கூப்பிட மறுபடியும் ரெண்டு. என் முட்டிக்கு ஆகாதும்மா" என்றார். பாலத்தின் மறுபக்கம் இறங்கிப் பள்ளி வாசலைத் தேடினால், அந்தப் பக்கத்து வாசல் பூட்டியிருந்தது. பிள்ளைகள் உள்ளே போகும் வாசல் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவில்.

பிறகு நாங்கள் வாங்கிய வீட்டிலிருந்து அதே நேரத்துக்கு நடந்தோம். பெரும்பாலும் கூரை போட்ட நடைபாதை, ஒரே ஒரு சாலை, அதற்கு விளக்குக் கம்பம். காப்பிக்கடை வாசலில் சீருடையோடு பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள், சில பாட்டி தாத்தாக்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார்கள். அத்தை அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, பள்ளி எத்தனை மணிக்கு விடும், மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்பது வரை கேட்டுவிட்டார். வரைபடம் எதிலும் இது வராது. பள்ளி நாள் ஒன்றில், பள்ளி நேரத்தில், யார் பிள்ளையை அழைத்துப் போகப்போகிறார்களோ அவரையே கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

சேவை காட்டுவது இன்றைய இடத்தை என்பதும் நினைவில் இருக்கட்டும். பள்ளிகள் இணைகின்றன, இடம் மாறுகின்றன. பார்க்கர் சாலையில் இருக்கும் ஏசிஎஸ் (ஆங்கிலோ-சீனப் பள்ளி) தொடக்கப்பள்ளி 2030-ல் தெங்காவுக்குப் போகிறது என்று 2023-லேயே அறிவித்துவிட்டார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் சேர்த்து வீடு வாங்குபவர்கள் இப்படிப்பட்ட அறிவிப்பு ஏதும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உயர்நிலைப்பள்ளிக்கு இந்தத் தூரக் கணக்கு எதுவும் இல்லை, அங்கே பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்தான். ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று யோசித்தால் மனம் தெளியும்.

காலக் கணக்கு ஒன்று. தூரத்தைக் காட்டி முன்னுரிமை வாங்கினால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே குடியிருக்க வேண்டும். மறுவிற்பனை வீவக வீடு வாங்கியவர்களுக்கு எப்படியும் 5 ஆண்டு குடியிருப்பு விதி இருக்கிறது, அதனால் கவலை இல்லை. வாடகைக்குப் போய் இடம் பிடிக்க நினைப்பவர்கள்தான் ஒப்பந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். வீவக விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகு விற்பனை முடிய ஏறக்குறைய 8 வாரம் ஆகும். அதற்கு முன் வீடு தேடுவது, விலை பேசுவது, விருப்புரிமைப் பத்திரம் (வீட்டை நமக்கென்று பிடித்துவைக்கும் ஒப்பந்தம்). பதிவு வழக்கமாக ஜூலையில் தொடங்கும், பிள்ளை பள்ளிக்குப் போவது அடுத்த ஜனவரியில். ஜூலைக்குள் சாவி வாங்கி, குடியேறி, அடையாள அட்டை முகவரியையும் மாற்றியிருக்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு இறுதியிலேயே தேட ஆரம்பித்துவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். ஸ்கூல்குவெரிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டியலில் ஒவ்வொரு பள்ளியின் பெயருக்கும் பக்கத்தில், அங்கே சொல்லிக்கொடுக்கும் தாய்மொழிகளையும் போட்டுவிடுங்கள். தமிழ், மலாய்க் குடும்பங்கள் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த விவரம் கண்ணில் படும்.